கையொப்பம் வேறு, இசைவு வேறு

சென்ற மாதம் நம் ஊர் வாசகர் வட்டத்தின் கூட்டம் முடிந்து, வழக்கம்போல எதிரிலிருக்கும் தேநீர்க் கடையில் நின்று பேசிக்கொண்டிருந்தோம். மருத்துவர்கள் மீது தொடுக்கப்படும் இழப்பீட்டு வழக்குகளைப் பற்றிய நாளிதழ்ச் செய்தி ஒன்றை நோக்கிப் பேச்சுத் திரும்பியது. வட்டத்தின் மூத்த உறுப்பினரும், முப்பது ஆண்டுகளாக அறுவை மருத்துவராகப் பணியாற்றி வருபவரும், சிற்றிதழ் எதையும் விடாமல் வாங்கிப் படிப்பவருமான நண்பர் சற்றே சினத்துடன் சொன்னார்: "எல்லாத்துக்கும் படிவத்துல கையெழுத்து வாங்கிட்டுத்தான் கத்தியைத் தொடுறோம். அப்புறம் எதுக்கு வழக்கு? விளக்கிச் சொல்லலைன்னு ஒரு புகார் வேற. விளக்கிச் சொன்னா மட்டும் நம்ம ஜனங்களுக்கு என்ன சார் புரியப்போகுது?"

அங்கிருந்த ஏழெட்டுப் பேரில் எவரும் மறுத்துப் பேசவில்லை. நாமும் பேசவில்லை. தேநீரைக் குடித்துவிட்டுக் கலைந்தோம். அந்த மௌனம் அன்றிரவு முழுவதும் உறுத்தியது. நண்பர் கெட்டவர் அல்லர்; ஏழைகளிடம் கட்டணம் வாங்காதவர் என்று ஊரில் பெயரெடுத்தவர். நல்லவர் ஒருவர் நம்பிச் சொல்லும் பிழையைத்தான் முதலில் மறுக்க வேண்டும். காலந்தாழ்ந்த மறுமொழியாகவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

அவர் கூற்றில் இரண்டு கருத்துகள் உள்ளன. கையொப்பம் இருந்தால் ஒப்புதல் இருக்கிறது என்பது ஒன்று. நம் மக்களுக்குச் சொன்னால் புரியாது என்பது மற்றொன்று. இரண்டும் பிழை என்பதே நம் துணிபு. அதிலும் இரண்டாவது பிழையில், மொழியைத் தொழிலாகக் கொண்ட நமக்கும் பங்குண்டு.

*

முதலில் நம் குற்றத்தை ஒப்புக்கொண்டு தொடங்குவோம்.

நம் அத்தை ஒருவர் அரசு உதவி பெறும் தொடக்கப்பள்ளியில் ஆசிரியையாக இருந்தார். கழுத்தின் முன்புறம் கழலை. ஊசி குத்தி எடுத்துப் பார்த்த சோதனையில் புற்று இல்லை என்று தெரிந்துவிட்டது. விழுங்குவதில் தொல்லையில்லை, மூச்சிலும் தொல்லையில்லை. பார்ப்பதற்கு வீக்கம், அவ்வளவுதான். "எடுத்துவிடலாம், சின்ன ஆபரேஷன்" என்றார்கள். நாள் குறித்துத் தனியார் மருத்துவமனை ஒன்றில் சேர்த்தோம்.

அறுவை நாளன்று காலையில் செவிலியர் ஒருவர் நான்கு தாள்களுடன் வராந்தாவுக்கு வந்தார். பெருக்கல் குறியிட்ட இடங்களில் எல்லாம் மாமா கையெழுத்திட்டார். சாட்சி என்ற இடத்தில் நாம் இட்டோம். எல்லாம் முடிய இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. பத்தடி தள்ளி, திறந்திருந்த கதவுக்கு அப்பால், கட்டிலில் அத்தை விழித்தபடி அமர்ந்து வார இதழ் ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தார். அவரிடம் எவரும் ஒரு தாளையும் நீட்டவில்லை. அவரிடம் நீட்ட வேண்டும் என்று நமக்கும் தோன்றவில்லை.

அறுவை குறையின்றி நடந்தது. கழலை போயிற்று. அத்தையின் குரலும் போயிற்று. தைராய்டுச் சுரப்பியின் பின்புறமாகக் குரல் நாண்களுக்குச் செல்லும் நரம்புகள் ஓடுகின்றன. எவ்வளவு கவனமாக அறுத்தாலும் சிலருக்கு அவை சில காலமோ, சிலருக்கு நிலையாகவோ செயலிழக்கக்கூடும். அறுவை மருத்துவ மாணவர் எவரும் அறிந்த செய்தி இது. அத்தைக்கு மட்டும் தெரியாது. கரகரத்துத் தேய்ந்த குரலுடன் நாற்பது குழந்தைகளுக்கு முன் நின்று பார்த்தார். கரும்பலகையில் எழுதியே சமாளித்துப் பார்த்தார். பணிக்காலம் இன்னும் சில ஆண்டுகள் இருக்கும்போதே விருப்ப ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்துவிட்டார்.

அவர் மருத்துவரைக் குறை கூறவில்லை. நம்மிடம் ஒன்றே ஒன்று சொன்னார்: "ஒரு வார்த்தை முன்னாலே சொல்லியிருந்தா யோசிச்சிருப்பேனேப்பா."

மருத்துவ ஆவணங்களின் நகலைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும் என்பது இந்திய மருத்துவக் கழகத்தின் 2002ஆம் ஆண்டு நடத்தை விதி. அதன்படி நகல் வாங்கினோம். மூன்றாம் பக்கத்தில், பொடி எழுத்தில், அச்சிட்ட பட்டியலில், குரல் மாற்றம் நேரலாம் என்ற செய்தி ஆங்கிலத்தில் இருந்தது. நான்காம் பக்கத்தின் இறுதியில், இவையெல்லாம் எனக்குப் புரியும் மொழியில் விளக்கப்பட்டன என்னும் பொருள்பட ஒரு வரி. அந்த வரியும் ஆங்கிலத்தில். அதன் கீழே ஆங்கிலம் அறியாத மாமாவின் தமிழ்க் கையெழுத்து. அதற்கும் கீழே, ஆங்கிலம் அறிந்தும் படிக்காமல் கையெழுத்திட்ட தமிழ் விரிவுரையாளரின் பெயர்.

தாளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. உடலுக்கு உரியவருக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. நண்பர் 'கையெழுத்து வாங்கிவிட்டோம்' என்று சொல்லும்போது நம் கண்முன் வருவது இந்தத் தாள்தான்.

*

ஆங்கிலச் சட்டமொழியில் வழங்கும் 'இன்ஃபார்ம்டு கன்சென்ட்' என்னும் தொடருக்குத் தமிழில் 'அறிவுறுத்தப்பட்ட ஒப்புதல்' என்றொரு பெயர்ப்பு உலவுகிறது. தமிழில் அறிவுறுத்தல் என்பது இன்னது செய் என்று எடுத்துரைப்பது. ஆகவே அறிவுறுத்தப்பட்ட ஒப்புதல் என்றால், 'ஒப்புக்கொள்' என்று அறிவுறுத்தியபின் தரப்படும் ஒப்புதல் என்றே பொருள்படும். மொழிபெயர்த்தவர் அறியாமல் செய்த பிழை, நம் மருத்துவமனைகளின் நடைமுறையை உள்ளவாறே படம்பிடித்துவிட்டது! 'தெரிந்து தரும் இசைவு' என்ற தொடரை நாம் இங்கே ஆள்கிறோம். தெரிதல் என்னும் சொல்லுக்கு அறிதல் என்றும் தேர்ந்தெடுத்தல் என்றும் இரு பொருள் உண்டு. இரண்டும் இங்கே வேண்டும்.

இக்கருத்தின் வரலாறு நீண்டது. 1914இல் நியூயார்க் மாநிலத்தின் உயர் முறையீட்டு நீதிமன்றத்தில் ஒரு வழக்கு. வயிற்றிலுள்ள கட்டியை மயக்கத்தில் வைத்துச் சோதித்துப் பார்க்க மட்டும் ஒப்பிய பெண்மணிக்கு, மயக்கம் தெளியுமுன்னே கட்டியை அறுத்து எடுத்துவிட்டார்கள். தெளிந்த மனமுள்ள வளர்ந்த மனிதர் ஒவ்வொருவருக்கும் தம் உடலில் என்ன செய்யப்படலாம் என்று தீர்மானிக்கும் உரிமை உண்டு, இசைவின்றி அறுப்பவர் தாக்குதல் புரிந்தவராகிறார் என்று நீதிபதி கார்டோசோ எழுதினார். வேடிக்கை என்னவென்றால், அப்பெண்மணி வழக்கில் தோற்றார். அறப்பணியாக நடக்கும் மருத்துவமனை அங்குள்ள மருத்துவரின் தவறுக்குப் பொறுப்பாகாது என்று தீர்ப்பாயிற்று. கருத்து வென்றது, கருத்துக்குக் காரணமானவர் வெறுங்கையுடன் வீடு திரும்பினார்.

எண்பத்தொரு ஆண்டுகள் கழித்துத் தில்லியில் அதே கதை மீண்டும் நடந்தது.

1995 மே மாதம். மாதவிலக்கு நீடித்துக்கொண்டிருந்ததால், மணமாகாத 44 வயதுப் பெண் ஒருவர் தனியார் மருத்துவ நிலையம் ஒன்றுக்குச் செல்கிறார். வயிற்றில் சிறு துளையிட்டுக் கருவி செலுத்திப் பார்க்கும் லேப்பராஸ்கோப்பிச் சோதனைக்கு இசைவு தருகிறார். தேவைப்பட்டால் வயிற்றைத் திறக்க நேரலாம் என்றும் படிவத்தில் இருந்தது. மயக்கம் கொடுத்துச் சோதனை நடக்கும்போதே உதவி மருத்துவர் வெளியே வந்து, காத்திருந்த தாயிடம் கருப்பையை நீக்க ஒப்புதல் பெறுகிறார். மகள் கண்விழிக்கும்போது கருப்பையும் இரு சினைப்பைகளும் கருக்குழாய்களும் அகற்றப்பட்டிருந்தன. அவர் 25 லட்சம் ரூபாய் கேட்டு வழக்குத் தொடுத்தார். தேசிய நுகர்வோர் ஆணையம் 2003இல் அதைத் தள்ளுபடி செய்தது. மேல்முறையீட்டில், 2008 ஜனவரி 16 அன்று உச்ச நீதிமன்றத்தின் மூவர் அமர்வு தீர்ப்பளித்தது. சமீரா கோலி வழக்கு என்று சட்ட மாணவர்கள் படிப்பது இதைத்தான்.

நீதிபதி இரவீந்திரன் எழுதிய அத்தீர்ப்பு பல வகையில் போற்றத்தக்கது. சோதனைக்குத் தந்த இசைவு சிகிச்சைக்குத் தந்த இசைவு ஆகாது என்றது. உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது, சற்று நேரம் மயக்கத்திலிருக்கும் வளர்ந்த பெண்ணுக்காக அவருடைய தாய்கூட இசைவு தர இயலாது என்றது. சிகிச்சையின் தன்மை, அதன் பயன், மாற்று வழிகள், கணிசமான ஆபத்துகள், சிகிச்சையை மறுத்தால் நேரும் விளைவு ஆகியவற்றை நோயாளிக்குச் சொல்ல வேண்டும் என்றது. அம்மருத்துவர் செய்தது இசைவற்ற செயல் என்றும் தீர்த்தது.

பிறகு விலை போட்டது. அறுவைக்கான கட்டணம் முழுவதும் மருத்துவருக்குக் கிடையாது. அதற்கு மேல் இழப்பீடு 25,000 ரூபாய். மருத்துவர் நன்னோக்கத்துடன், நோயாளியின் நலன் கருதியே செய்தார் என்பது குறைத்ததற்கான காரணம்.

*

பதினாறு மாதங்கள் கழித்து, 2009 மே மாதத்தில், அதே உச்ச நீதிமன்றம் ஐதராபாத்தின் நிஜாம் மருத்துவ அறிவியல் நிறுவனத்துக்கு எதிரான வழக்கில் ஒரு கோடி ரூபாய் இழப்பீடு வழங்கியது. 1990இல் பொறியியல் மாணவராக இருந்த இளைஞருக்கு மார்புக்குள் கட்டி. அதன் தன்மையை அறிவதற்கான அறுவைக்கு மட்டுமே இசைவு பெற்றிருந்த நிலையில், கட்டியையே அகற்றிவிட்டார்கள். அவருக்கு இடுப்புக்குக் கீழே இயக்கம் நின்றுபோயிற்று. இசைவின் எல்லையை மீறியது பற்றி அங்கும் நீதிமன்றம் பேசியது, 2008ஆம் ஆண்டுத் தீர்ப்பையும் எடுத்துக்காட்டியது. அந்த ஒரு கோடி அவருக்கு மிகையென்று நாம் சொல்லமாட்டோம். நாம் கேட்பது வேறு. இரண்டு வழக்குகளிலும் இசைவு மீறப்பட்டது. ஒன்றில் உடல் முடங்கியது, அதற்குக் கோடி. மற்றொன்றில் மருத்துவரின் கை பிசகவில்லை, பெண்ணின் விருப்பம் மட்டும் கேட்கப்படவில்லை, அதற்கு 25,000.

ஆக, நம் சட்டத்தில் இசைவு மீறல் தனக்கென்று பெருமதிப்பு இல்லாத ஒன்று. உடற்சேதத்தின் தோளில் ஏறி வந்தால்தான் அதற்கு உயரம் கிடைக்கிறது. இசைவைப் பற்றி ஒளிமிகுந்த பத்திகளை எழுதுவோம், கணக்கு எழுதும்போது சில்லறையைத் தேடுவோம் என்ற நிலை இருக்கும்வரை, மருத்துவமனைகள் இசைவை ஒரு தாளாகவே கருதும். கருதாமலிருக்க அவற்றுக்கு என்ன காரணம் இருக்கிறது?

இழப்பீட்டு வழக்கின் அமைப்பே இதற்கு இடந்தருகிறது. சொல்லப்படாத ஆபத்து ஒன்று இருந்தது என்று காட்டினால் போதாது. அது உண்மையில் நிகழ்ந்தது என்றும், சொல்லியிருந்தால் அறுவையை மறுத்திருப்பார் என்றும் நோயாளியே மெய்ப்பிக்க வேண்டியிருக்கிறது. அத்தைக்காக வழக்கறிஞர் ஒருவரிடம் சென்றபோது அவர் நேராகவே சொன்னார்: "கை தப்பிடுச்சுன்னு நிரூபிக்க முடிஞ்சா வாங்க. சொல்லலைங்கிறதை மட்டும் வச்சுப் போட்டா, நாங்களும் இதையெல்லாம் சொல்றதில்லைன்னு ரெண்டு சர்ஜன் வந்து சாட்சி சொல்வாங்க. உங்க கையெழுத்து வேற இருக்கு."

இரண்டு மருத்துவர் சாட்சி சொன்னால் போதும் என்ற அந்த அளவுகோலுக்கும் ஒரு பெயருண்டு. 1957இல் இங்கிலாந்தில் போலம் வழக்கில் பிறந்தது அது. பொறுப்புள்ள மருத்துவர் குழுவொன்று சரியென ஏற்கும் முறையில் நடந்துகொண்ட மருத்துவர் அலட்சியம் செய்தவராக மாட்டார். கத்தியை எப்படிப் பிடிப்பது என்ற கேள்விக்கு இது நல்ல விடை. கத்தி பிடிப்பதில் நோயாளியைவிட மருத்துவருக்கு அறிவு மிகுதி என்பதில் ஐயமில்லை. எதைச் சொல்ல வேண்டும் என்ற கேள்விக்கும் இதே விடையைக் கொண்டுவந்தபோதுதான் தவறு நேர்ந்தது. 1985இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் அவை சிடாவே வழக்கில் பெரும்பான்மையாக அவ்வழியே சென்றது. ஸ்கார்மன் பிரபு மட்டும் சட்டம் அவ்வாறு இருத்தலாகாது என்று தனித்து நின்றார். அதற்கு முன்பே, 1972இல், வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் கேன்டர்பரி வழக்கில் வேறு வழி காட்டியிருந்தது. முதுகு அறுவையில் நூற்றில் ஒரு பங்கு பக்கவாத ஆபத்து இருப்பதை 19 வயது இளைஞரிடம் மருத்துவர் சொல்லவில்லை. சொன்னால் நோயாளிகள் பின்வாங்கிவிடக்கூடும் என்பது அவர் வாதம். நோயாளி தீர்மானிப்பதற்கு எது தேவையோ அதுவே சொல்ல வேண்டியதன் அளவு என்றது நீதிமன்றம். சொல்வதன் எல்லையை மருத்துவர்களின் வழக்கம் வகுக்கலாகாது.

2008இல் நம் உச்ச நீதிமன்றத்தின் முன் இரண்டு வழிகளும் இருந்தன. நம் நாட்டில் நோயாளிகளில் பெரும்பாலோர் ஏழைகள், கல்வி குறைந்தவர்கள், மருத்துவரை முழுதாக நம்புகிறவர்கள் என்பன போன்ற காரணங்களைக் காட்டி, மருத்துவர்களின் வழக்கத்தையே அளவுகோலாக நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. எனினும் நீதிபதி இரவீந்திரன் நேர்மையாக ஒன்றைக் குறித்துவைத்தார்: கனடாவும் ஆஸ்திரேலியாவும் நோயாளியின் பக்கம் திரும்பிவிட்டன, ஸ்கார்மன் பிரபுவின் சிறுபான்மைக் கருத்து ஒருநாள் இங்கிலாந்தின் சட்டமாகவும் ஆகக்கூடும் என்று.

ஏழே ஆண்டுகளில் அது நடந்தது. 2015 மார்ச் 11 அன்று இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றம் மாண்ட்கோமரி வழக்கில் சிடாவேயைக் கைவிட்டது. ஸ்காட்லாந்தில் நீரிழிவு நோயுள்ள, உருவத்தில் சிறிய பெண் ஒருவருக்கு 1999இல் பேறுகாலம். இத்தகைய தாய்மாருக்குக் குழந்தையின் தோள் சிக்கிக்கொள்ளும் வாய்ப்பு நூற்றில் ஒன்பது அல்லது பத்து. மருத்துவர் சொல்லவில்லை. சொன்னால் பெண்கள் வயிற்றைத் திறந்து எடுக்கவே கேட்பார்கள் என்பது அவர் தந்த விளக்கம். தோள் சிக்கியது, குழந்தை மூளைப் பாதிப்புடன் பிறந்தது. அந்த நோயாளியின் நிலையிலிருக்கும் அறிவார்ந்த ஒருவர் எந்த ஆபத்தைப் பொருட்படுத்துவாரோ அதைச் சொல்வது மருத்துவரின் கடமை என்று தீர்ப்பாயிற்று. இழப்பீடு 52.5 லட்சம் பவுண்டு.

இங்கே ஒரு சிறு விவரத்தை வாசகர்கள் கவனிக்க வேண்டும். அத்தாய் மூலக்கூறு உயிரியல் படித்த பட்டதாரி. புரியாது என்பதால் அவரிடம் சொல்லாமல் விடப்படவில்லை. புரிந்துகொண்டு வேறு முடிவெடுத்துவிடுவார் என்பதால் சொல்லப்படவில்லை. 'நம் ஜனங்களுக்குப் புரியாது' என்ற கூற்றின் உள்ளே பலமுறை ஒளிந்திருப்பது இந்த அச்சமே அன்றோ?

'நோயாளியின் நிலையில்' என்ற அச்சொற்களை நினைக்கும்போதெல்லாம் அத்தையின் கரும்பலகைதான் நினைவுக்கு வருகிறது. கணக்கெழுதும் ஒருவருக்குக் குரல் கரகரத்தால் சிறு தொல்லை. தொடக்கப்பள்ளி ஆசிரியைக்கு அதுவே வாழ்வு. இந்த வேறுபாடு எந்த அறுவைப் பாடநூலிலும் இராது. அத்தையிடம் பேசினால்தான் தெரியும்.

நம் உச்ச நீதிமன்றமும் 2019இல் மருத்துவ அலட்சிய வழக்கொன்றில், இங்கிலாந்து போலம் அளவுகோலிலிருந்து விலகிச் சென்றுவிட்டதைச் சுட்டிக்காட்டியது. ஆனால் 2008ஆம் ஆண்டின் மூவர் அமர்வுத் தீர்ப்பு மாற்றப்படவில்லை. இரவல் வாங்கிய அளவுகோலை உரியவரே தூக்கியெறிந்துவிட்டார். நாம் இன்னும் பத்திரமாக வைத்து அளந்துகொண்டிருக்கிறோம்.

*

இனி எதிர்வாதங்கள்.

முதலாவது, நம் மக்களுக்குப் புரியாது என்பது. புதிய மருந்தொன்றை மனிதர்மீது சோதித்துப் பார்க்கும்போது, சோதனைக்கு உட்படுபவருக்குப் புரியும் எளிய மொழியில் விளக்கி எழுத்துவழி இசைவு பெற வேண்டும் என்று இந்திய விதிகள் கட்டளையிடுகின்றன. எளிதில் ஏமாற்றப்படக்கூடிய நிலையிலுள்ளோர் புது மருந்துச் சோதனைக்கு உட்படும்போது, இசைவு பெறுவதை ஒலி-ஒளிப் பதிவு செய்ய வேண்டும் என்று 2019ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. மருந்து நிறுவனத்தின் சோதனைக்கு வரும்போது புரிகிற மூளை, தன் நோய்க்கு வைத்தியம் பார்க்க வரும்போது மட்டும் மழுங்கிவிடுமா? பத்திரப் பதிவில் எல்லைகளைப் பிசகாமல் சொல்கிற, சீட்டுக் கணக்கில் தள்ளுபடியை மனத்திலேயே போடுகிற நம் மக்களுக்கு, 'குரல் கம்மிப்போகலாம், நூறு பேரில் சிலருக்கு அது சரியாகாமலும் போகலாம்' என்ற வாக்கியம் புரியாது என்பவர், அந்த வாக்கியத்தை ஒருமுறையேனும் சொல்லிப் பார்த்தாரா?

இரண்டாவது, நேரமில்லை என்பது. கூட்டம் உண்மை, மருத்துவர் பற்றாக்குறையும் உண்மை. ஆனால் நேரமின்மை யார் தலையில் விடிகிறது என்று பாருங்கள். 2012 ஜனவரி 7 அன்று பீகாரின் அராரியா மாவட்டத்தில், பள்ளிக்கூடம் ஒன்றில், ஒரே மருத்துவர் இரண்டு மணி நேரத்தில் 53 பெண்களுக்குக் கைவிளக்கு வெளிச்சத்தில் கருத்தடை அறுவை செய்தார். அது தொடர்பான வழக்கில் 2016இல் உச்ச நீதிமன்றம், விவரங்கள் உள்ளூர் மொழியில் தரப்பட வேண்டும், படித்து விளங்கிக்கொண்டு மனம் மாறுவதற்கும் இடமிருக்கும்படி ஏறத்தாழ ஒரு மணி நேரமாவது அளிக்க வேண்டும் என்று ஆணையிட்டது. ஏழைப் பெண்களின் முகாமுக்கு ஒரு மணி நேரம் கொடுக்க முடியுமானால், நாள் குறித்துச் செய்யும் அறுவைக்கு முந்தைய நாள் மாலையில் பத்து நிமிடம் கிடைக்காதா?

சொல்லாமல் விட்ட சொல்லின் விலையைத் தமிழ்நாட்டு அரசே கொடுத்திருக்கிறது. 1996 ஆகஸ்டில் சென்னை எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் 29ஆம் வாரத்திலேயே ஒரு பெண் குழந்தை பிறந்தது. குறைமாதக் குழந்தைகளுக்கு விழித்திரைப் பாதிப்பு நேரலாம், சில வாரங்களில் கண்ணைச் சோதிக்க வேண்டும் என்று பெற்றோரிடம் சொல்லப்படவில்லை. குழந்தை பார்வையை இழந்தது. 2015இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய இழப்பீடு ஏறத்தாழ 1.8 கோடி ரூபாய். சோதித்துப் பார்க்கச் சொல்லும் அந்த ஒரு வாக்கியத்துக்கு அரை நிமிடம் ஆகியிருக்கும்.

மூன்றாவது, சொன்னால் பயந்து ஓடிவிடுவார்கள் என்பது. தொலைவான, கற்பனையான ஆபத்துகளையெல்லாம் அடுக்கி நோயாளியை மிரட்ட வேண்டியதில்லை என்று 2008ஆம் ஆண்டுத் தீர்ப்பே கூறிவிட்டது. நாமும் அதைக் கேட்கவில்லை. உயிர்போகும் அவசரத்தில் படிவத்தைத் தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை என்பதும் சட்டமே. ஆனால் அவசரமில்லாத அறுவையில், உண்மையைக் கேட்டு ஒருவர் எழுந்து வீட்டுக்குப் போனால், அது அவருடைய உரிமை. அத்தை போயிருப்பார். கழலையோடு குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்திருப்பார்.

நான்காவது, இது மேலைநாட்டுச் சரக்கு, நம் பண்பாட்டில் குடும்பமே முடிவெடுக்கும் என்பது. இதைக் கேட்கும்போதுதான் நமக்குப் பொறுமை குறைகிறது. மேலே சொன்ன 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகளில் அறுவை இசைவு பற்றிய விதியைப் படித்துப் பாருங்கள். கணவர் அல்லது மனைவி, சிறார் என்றால் பெற்றோர் அல்லது காப்பாளர், அதன்பிறகு 'அல்லது நோயாளி' என்ற வரிசையில் அது இசைவைக் கேட்கிறது. உடலுக்கு உரியவர் வரிசையின் கடைசியில் நிற்கிறார். 2023இல் வந்த புதிய விதிகள் அம்மாதமே நிறுத்திவைக்கப்பட்டு, பழையனவே மீண்டும் நடைமுறைக்கு வந்தன. ஆனால் 1971ஆம் ஆண்டுக் கருக்கலைப்புச் சட்டத்தில், வயது வந்த பெண்ணுக்கு அவருடைய இசைவு மட்டுமே போதும். அரை நூற்றாண்டுக்கு முன் நாடாளுமன்றம் கண்ட தெளிவு, வராந்தாவில் கணவரைத் தேடும் செவிலியரிடம் இன்னும் வந்து சேரவில்லை.

பண்பாடு என்று பேசுவோர் வள்ளுவரைத் திறக்கட்டும். மருந்து அதிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவத்தை நான்கு கூறுகளாக வகுத்தவர், முதலில் வைத்தது நோயுற்றவனை. மருத்துவன் இரண்டாமிடம். மருந்தும் உடனிருந்து பேணுபவனும் அதற்குப் பிறகு. வரிசை நம்மிடம் சரியாகத்தான் இருந்தது. அதைக் குலைத்தது படிவம்.

ஐந்தாவதாக, இப்படியெல்லாம் வழக்கு வந்தால் மருத்துவர்கள் தற்காப்பு மருத்துவத்தில் இறங்குவார்கள் என்பது. இறங்கிவிட்டார்கள், நான்கு பக்க ஆங்கிலப் படிவமே தற்காப்பு மருத்துவம்தான். அதுவும் ஓட்டைக் கேடயம். அலட்சியத்துக்கு முன்கூட்டியே மன்னிப்பு எழுதி வாங்கும் ஆற்றல் எந்த இசைவுப் படிவத்துக்கும் கிடையாது. 'கையெழுத்துப் போட்டுவிட்டோமே, இனி என்ன செய்வது' என்று ஒதுங்கிப் போகும் நோயாளிகளும் இதை அறிய வேண்டும். மருத்துவருக்கு உண்மையான காப்பு, நோயாளியிடம் பேசிய பேச்சும், இன்ன கேள்வி கேட்டார், இன்ன விடை சொன்னேன் என்று கேஸ் ஷீட்டில் அவர் கைப்பட எழுதிய இரண்டு வரியும்.

*

நாம் கேட்பவை அரியவை அல்ல. படிவம் தமிழில் இருக்கட்டும். உள்ளே எழுதப்படுவதும் தமிழில் இருக்கட்டும். நினைவோடு இருக்கும் நோயாளியின் கையொப்பமே முதலில் பெறப்படட்டும். அவசரமில்லாத அறுவையில் முந்தைய நாளே தாள் கைக்கு வரட்டும், நகல் நோயாளியிடம் இருக்கட்டும். நீதிமன்றங்கள், சொல்லாமை என்பதையே ஒரு தீங்காகக் கொண்டு, அதற்கு உரிய விலையிடட்டும். சொல்ல வேண்டியதன் அளவை மருத்துவர் கூட்டத்திடம் கேட்காமல், கட்டிலில் இருப்பவரின் நிலையிலிருந்து கணிக்கட்டும்.

இவற்றுள் முதலாவது வேலை சட்டத்தாரைவிட நமக்கே உரியது. தமிழ்த்துறைகளில் கலைச்சொல்லாக்கம் என்ற பெயரில் எத்தனையோ பட்டியல்களைத் தொகுத்திருக்கிறோம். கழலை அறுவைக்கு வரும் ஓர் ஆசிரியைக்கோ, குடலிறக்கத்துக்கு வரும் ஒரு சுமைதூக்குபவருக்கோ ஒரே வாசிப்பில் விளங்கும்படி இரண்டு பக்கம் எழுதித்தர நாம் எப்போதேனும் முன்வந்திருக்கிறோமா? மருத்துவ நண்பர்களே உடனமர்ந்து சரிபார்த்தால், பத்துப் பொதுவான அறுவைகளுக்கு ஒரு பருவ விடுமுறையில் எழுதிவிடலாம். நம் மாணவர்கள் ஆர்வத்தோடு செய்வார்கள். அடுத்த கூட்டத்தில் நண்பரிடம் முதல் வரைவைக் கொடுக்கப்போகிறோம். தலைப்பு, தைராய்டுக் கழலை அறுவை. இரண்டாம் வரியிலேயே, பொடி எழுத்தில் அல்லாமல், குரலைப் பற்றி எழுதியிருக்கிறோம்.

அதை முதலில் அத்தையிடம் காட்டினோம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெல்லப் படித்தார். ஓரிடத்தில் ஒற்றுப் பிழையைத் திருத்தினார். பிறகு அந்தக் கரகரத்த குரலில், "புரியுதே" என்றார்.